ஒம்பது வயசுல பிள்ளை பெத்த அப்பத்தா!

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே புகைஞ்சுக்கிட்டு இருந்த ஒரு மேட்டரை இன்னிக்குத்தான் உக்காந்து எழுத முடியுது. கொஞ்சம் நீளமா இருக்கும். கொஞ்சம் சூடாவும் இருக்கும். டீயைப் போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க பூர்வீகம் பழனி மலைல, கொடைக்கானலுக்கு மேல பூம்பாறைப் பக்கம். மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் போடுற குடும்பம். வர்ற தை மாசம் குலசாமி கும்பிடு. அதுக்கு எட்டடிக்கு ஆறடி ஃப்ளெக்ஸ்ல நம்ம வம்ச வரைபடத்தை அடிச்சுக் கோயில் வாசல்ல வைக்கணும்னு எங்க சித்தப்பா ஒருத்தர் கிளம்பினார். அப்பாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. வேலைல இருந்து ஓய்வு பெற்றவர், கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எதையும் ஆதாரம் இல்லாம பேச மாட்டார். நல்ல மனுசன். அதுதான் பிரச்சினையே.

சித்தப்பா கையில 2002-ல எடுத்த ஒரு பட்டியலோட நகல் கிடைச்சுது. அதுல எங்க அப்பத்தாவுக்கு வயசு 45. எங்க பெரியப்பாவுக்கு, அதாவது அப்பத்தாவோட மூத்த மகனுக்கு, வயசு 36. நாப்பத்தஞ்சுல முப்பத்தாறு போனா ஒம்பது. "ஒம்பது வயசுல எப்படிப்பா பிள்ளை பெக்க முடியும்? அப்போ இவர் மூத்த தாரத்துப் பிள்ளையாத்தான் இருக்கணும்"னு சித்தப்பா முடிவு பண்ணிட்டார். வரைபடத்துல தாத்தாவுக்குப் பக்கத்துல புதுசா ஒரு கட்டம். அதுக்குள்ள "மூத்த தாரம் (பெயர் தெரியவில்லை)". அதுல இருந்து கீழ ஒரு கோடு, பெரியப்பாவுக்கு.

ஒரே ஒரு கழித்தல் கணக்கு. எங்க தாத்தாவுக்கு செத்து இருபது வருசம் கழிச்சு ஒரு பொண்டாட்டி பொறந்துட்டா!

மொதல்ல நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. அறுபது வயசு பெரியப்பா ரெண்டு நாளு யாரோடயும் பேசலையாம். மூணாவது நாள் அப்பத்தா பக்கத்துல போய் உக்காந்து, "ஆத்தா, ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு"ன்னு கேட்டாராம். அப்பத்தா பேர்ல அரை ஏக்கர் பூண்டுக் காடு இருக்கு. "அப்போ அதுல பெரியவருக்குப் பங்கு வருமா?"ன்னு சொந்தத்துல ஒருத்தர் மெதுவா வாயைத் திறந்தாச்சு. எண்பது வயசுக் கிழவி என்ன சொல்லுச்சு தெரியுமா?

"வலிச்சது எனக்குடா. அந்தப் பேப்பருக்கா வலிச்சுது?"

இதுக்கு மேல நான் எழுத வேண்டியதே இல்லை. ஆனா சித்தப்பா "அதெல்லாம் கதை, இது ஆதாரம்"னு சொல்லிட்டார். அதனால ஆதாரத்தைப் பத்தியே பேசுவோம். பொழுதன்னிக்கும் டேட்டாவோட மல்லுக்கட்டுற தொழில் என்னோடது. அந்த உரிமைல கேக்குறேன் சித்தப்பா, தப்பா எடுத்துக்காதீங்க.

வயசுங்கிறது பிறந்த தேதி இல்லை

பழைய பட்டியல்ல இருக்கிற வயசு ஒரு உண்மை இல்லீங்க. அது ஒரு கேள்விக்குக் கிடைச்ச பதில். யாரோ ஒருத்தர் வாசல்ல நின்னு கேட்டார். யாரோ ஒருத்தர் அடுப்படியில இருந்து பதில் சொன்னார். கேட்டவர் காதுல விழுந்ததை எழுதினார். கேட்டது யாரு, சொன்னது யாரு, எதுக்காகக் கேட்டாங்க, எப்படி எழுதச் சொல்லியிருந்தாங்க... இது நாலும் தெரியாம அந்த எண்ணைத் தூக்கிக்கிட்டுப் போய் இன்னொரு எண்ணுல இருந்து கழிச்சா வர்றது விடை இல்லை, வினை.

இது நம்ம ஊரு வியாதி மட்டும்னு நெனைச்சுறாதீங்க. இங்கிலாந்துல 1841 ஜூன் 6-ம் தேதி எடுத்த கணக்கெடுப்புல, 15 வயசுக்கு மேற்பட்டவங்க வயசை அஞ்சின் மடங்காக் குறைச்சு எழுதச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டுது. 34 வயசுக்காரருக்கு 30. 59 வயசுக்காரிக்கு 55. எல்லா இடத்துலயும் அதைச் சரியா கடைப்பிடிக்கலை, அது வேற. இன்னிக்கு அங்க பூர்வீகம் தேடுறவங்களுக்கு மொதல் பாடமே இதுதான்: 1841-ல "30"ன்னு இருந்தா 30-ல இருந்து 34-க்குள்ளன்னு படி. அது ஒரு புள்ளி இல்லை, ஒரு இடைவெளி. பத்து வருசம் கழிச்சு 1851-ல சரியான வயசைக் கேட்டாங்க. அப்பவும் அதே ஆளுக்குப் பத்து வருசத்துல எட்டு வயசுதான் கூடியிருக்கும், இல்லேன்னா பதிமூணு கூடியிருக்கும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். நாடு முழுக்க ஒரே நேரத்துல எடுத்த மொதல் குடிமதிப்பு 1881 பிப்ரவரி 17. அன்னில இருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா நடந்த எல்லாக் கணக்கெடுப்புலயும் வயசு அட்டவணையைப் பார்த்தா ஒரு வேடிக்கை தெரியும். 30-ல கூட்டம் அம்மும், 31-ல ஆளே இருக்காது. 40-ல திருவிழா, 41-ல காலி. 35, 45-ல சுமாரான கூட்டம். ஏன்னா "உனக்கு என்ன வயசு?"ன்னு கேட்டா நம்மாளுங்க சொன்ன பதில் "ஒரு நாப்பது இருக்கும் சாமி". அந்த "ஒரு"வும் போச்சு, "இருக்கும்"மும் போச்சு. தாள்ல ஏறினது வெறும் 40.

இந்தக் கூட்டத்தை அளக்கவே விப்பிள் குறியீடுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. 23-ல இருந்து 62 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 0-லயும் 5-லயும் முடியுற வயசுக்காரங்க எத்தனை பேர்னு பார்க்குறது. இயல்பா இருந்தா அஞ்சுல ஒரு பங்கு வரணும், அதுக்குக் குறியீடு 100. எல்லாருமே 0, 5-ன்னு சொன்னா 500. ஐ.நா. கணக்குப்படி 175-க்கு மேல போனா "மிக மோசம்". விடுதலைக்கு முந்தின நம்ம கணக்கெடுப்புங்க இந்த மோசமான வகைதான்.

நான் என்ன பண்ணேன்? சித்தப்பா அனுப்பின அதே பக்கத்தை எடுத்தேன். அப்பத்தாவை விட்டுட்டுத் தெருவுல மத்தவங்க வயசைப் பார்த்தேன். 40, 45, 60, 35, 50, 45, 65... நாப்பது தாண்டினவங்கள்ல பாதிக்கு மேல 0 இல்லேன்னா 5-ல முடியுது. அஞ்சுல ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்துல பாதிக்கு மேல! எங்க தெருவுல இருக்கிற கிழவிகள் எல்லாரும் அஞ்சு வருசத்துக்கு ஒருதரம் பேசி வச்சுக்கிட்டா பொறந்தாங்க? அப்பத்தாவோட 45-ம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 45-தான்.

பட்டியல் எழுதினவர் மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லை. குளிருல வீடு வீடா ஏறி இறங்கினவர் அவர். அப்பத்தா காட்டுல பூண்டு எடுத்துக்கிட்டு இருந்திருக்கும். வீட்டுல இருந்த யாரோ சொல்லியிருப்பாங்க. எழுதினவர் வேலையை அவர் செஞ்சார். படிக்கிறவங்க வேலையைத்தான் நாம செய்யலை.

அரசாங்கமே நம்பலை, நீங்க நம்புறீங்க

1931 கணக்கெடுப்பு. ஜே.எச். ஹட்டன் தலைமைல நடந்தது. வயசு இப்படி 0-லயும் 5-லயும் குவியுதுன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். அதனால பிரிக்கும்போது வழக்கமான 0-4, 5-9, 10-14-ங்கிற மாதிரி பிரிக்கலை. 4-6, 7-13, 14-16, 17-23, 24-26-ன்னு மூணும் ஏழுமா மாத்தி மாத்திப் பிரிச்சாங்க. ஏன் தெரியுதா? 5, 10, 15, 20, 25 ஒவ்வொண்ணும் ஒரு கட்டத்துக்கு நட்ட நடுவுல வந்து உக்காந்துரும். 20-ன்னு சொன்னவர் நெசத்துல 18-ஆ இருந்தாலும் 22-ஆ இருந்தாலும் அதே கட்டம்தான். அப்புறம் அதைச் சரிக்கட்டி வழக்கமான அஞ்சஞ்சு வருசப் பிரிவா மாத்தினாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல பண்ணின டேட்டா கிளீனிங் இது. பார்த்தப்போ எழுந்து நின்னு கும்பிடு போடத் தோணுச்சு.

இன்னொரு சங்கதி. அந்த 1931-ல வயசைக் கிட்டத்துப் பிறந்தநாளுக்கு எழுதச் சொன்னாங்க. அதாவது 29 வருசம் 7 மாசம்னா 30. 2011-ல கேட்டது முடிஞ்ச வயசு. அதே ஆளுக்கு அதே நாள்ல 29. நம்ம வீட்டுக் கிழவிகளோ "பேத்திக்கு ஆறு நடக்குது"ன்னு சொல்லும், அதாவது அஞ்சு முடிஞ்சு ஆறாவது வருசம் ஓடுது. ஒரே பிள்ளைக்கு மூணு முறைல வேற வேற வயசு வரலாம், மூணும் சரி! எந்த முறைல கேட்டாங்கன்னு தெரியாம கழிச்சா அங்கயே ஒரு வருசம் அவுட்.

ஆக, கேட்டு எழுதின அரசாங்கமே அந்த எண்ணை எண்ணா நம்பலை. தொண்ணூறு வருசம் கழிச்சு நம்ம சித்தப்பா நம்புறார். என்னத்த சொல்ல.

நம்ம ஊருல இன்னொரு வம்பும் இருக்கு. இங்கிலாந்துல நூறு வருசம் ஆனதும் கணக்கெடுப்புத் தாளைத் திறந்து காட்டிருவாங்க, 1921-ஓடது 2022 ஜனவரில வந்தது. அமெரிக்காவுல 72 வருசம், 1950-ஓடது 2022 ஏப்ரல் 1-ல வந்தது. இங்க? வெள்ளைக்காரன் காலத்துல தாள்ல இருந்து துண்டுச் சீட்டுக்கு மாத்தி, பிரிச்சு, கூட்டி, அட்டவணை போட்டதும் வேலை முடிஞ்சுது. ஆள்வாரி விவரம் இருந்த தாள்களைக் காப்பாத்தி வைக்கலை. விடுதலைக்கு அப்புறம் வந்த 1948 கணக்கெடுப்புச் சட்டத்தோட 15-வது பிரிவு, அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிட உரிமை இல்லை, கோர்ட்டுல சாட்சியமாவும் ஏத்துக்க முடியாதுன்னு சொல்லுது. இத்தனை வருசத்துக்கு அப்புறம் திறக்கலாம்னு ஒரு காலக்கெடுவே கிடையாது. அந்தரங்கம் காக்குறதுக்கான சட்டம், அது நல்லதுதான். ஆனா விளைவு என்னன்னா, பூர்வீகம் தேடுற நமக்குக் கிடைக்கிறது வேற வேற காரியத்துக்காக எழுதின சில்லறைப் பேப்பருங்கதான். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு, எஸ்டேட் செக்ரோல். கணக்கெடுப்புத் தாளே நம்ப முடியாதுன்னா இதெல்லாம் எந்த மூலைக்கு?

ஒரு அப்பத்தா, நாலு பிறப்பு

வீட்டுல இருந்த பேப்பரை எல்லாம் எடுத்துப் போட்டேன். பாருங்க கூத்தை.

1998 ரேஷன் கார்டு: வயசு 50. அப்போ பிறப்பு 1948.
2002 பட்டியல்: வயசு 45. அப்போ 1956-57. (நாலு வருசத்துல அஞ்சு வயசு குறைஞ்சிருக்கு. என்ன சோப்பு போட்டுச்சோ!)
2008 முதியோர் உதவித்தொகை விண்ணப்பம்: வயசு 65. அப்போ 1943.
ஆதார்: 01/01/1950.

நாலையும் கூட்டி நாலால வகுத்துச் சராசரி எடுத்துருவோமான்னு நெனைக்கிறவங்களுக்கு: வேணாம். சராசரி எடுக்கணும்னா தப்பு ரெண்டு பக்கமும் சமமாச் சிதறியிருக்கணும். இங்க ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருக்கு. 2011 வரைக்கும் மத்திய அரசோட முதியோர் உதவித்தொகைக்கு 65 ஆகியிருக்கணும், அதுக்கப்புறம்தான் 60 ஆச்சு. 2008 விண்ணப்பத்துல அச்சு அசலா 65-ன்னு ஏன் இருக்குன்னு நான் விளக்கணுமா? (எழுதிக் கொடுத்தது யாருன்னும் கேக்காதீங்க. ஹிஹி.) ஜனவரி 1-ங்கிறது தேதி தெரியாதவங்களுக்குப் போடுற தேதி. எங்க தொழில்ல டீஃபால்ட் வேல்யூம்போம். இந்தியால பாதிக் கிழவன் கிழவிகளுக்கு ஒரே நாள்ல ஹேப்பி பர்த்டே. ஆதார்ல இருக்கிற தேதியைப் பிறந்த தேதிக்கு ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு 2024 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு, பள்ளிச் சான்றிதழ்தான் மேல்னு.

சரி, பள்ளிச் சான்றிதழ் மட்டும் யோக்கியமா? அந்தக் காலத்துல வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொல்லுவாங்க. தொட்டா அஞ்சு வயசு, சேர்த்துக்கோ. தேதி? வாத்தியாரே ஜூன் மாசத்துல ஒரு நாளைப் போடுவார். பெரியப்பாவோட பிறந்த தேதி என்ன தெரியுமா? ஜூன் 1. கை நீளமா இருந்தா வயசு கூடுதல், அவ்வளவுதான் விஞ்ஞானம். ஆக, சித்தப்பா கழிச்சது ஒரு சரியான எண்ணுல இருந்து இன்னொரு சரியான எண்ணை இல்லை. "ஒரு நாப்பத்தஞ்சு இருக்கும்"ல இருந்து "காது தொட்டுச்சு"ங்கிறதைக் கழிச்சிருக்கார். வந்த விடைக்கு ஒரு தாலியும் கட்டி விட்டார்.

குறிஞ்சிக் கணக்கு

இப்போ அந்தக் "கதை"க்கு வருவோம். கொசுவத்தியைச் சுத்திக்கோங்க. 2018. நான் இஞ்சினியரிங் கடைசி வருசம். மலைல குறிஞ்சி பூத்திருந்துச்சு. அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டுப் பார்க்கப் போனோம். சரிவு முழுக்க நீலம். அப்பத்தா விரலை மடக்கி எண்ணிட்டு, "இது எனக்கு ஏழாவது பூவுடா"ன்னுச்சு.

நான் உடனே மண்டைக்குள்ள ஏழையும் பன்னெண்டையும் பெருக்கி "எண்பத்தி நாலா!"ன்னேன். அப்பத்தா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "மொதப் பூவுலதானடா நான் பொறந்தேன். அன்னிக்கே எனக்குப் பன்னெண்டு வயசா?"ன்னுச்சு. கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை எண்ணாம கம்பத்தை எண்ணுற தப்பு. இதுக்காக நாங்க ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருக்கோம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி நின்ன இடத்துல பிடிச்சுது. ஏழு பூ, ஆறு இடைவெளி, 72 வயசு. 2018-ல இருந்து 72 போனா 1946.

இந்த மலைல பழங்குடிப் பளியர்கள் குறிஞ்சியை வச்சு வயசு எண்ணினதைப் பத்திப் பலரும் எழுதியிருக்காங்க. பக்கத்து ஊர்க்காரங்களான எங்களுக்கும் அதே காலண்டர்தான். 1946, 1958, 1970, 1982, 1994, 2006, 2018. ஒவ்வொரு பூவுக்கும் அப்பத்தாகிட்ட ஒரு சங்கதி இருக்கு. 1958 பூ: வயசுக்கு வந்த வருசம். 1970 பூ: பெரியவனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தது, எங்க அப்பா வயித்துல. 1994: தாத்தாவோட மொத பஸ் பயணம் பழனிக்கு, பாதி வழில வாந்தி.

சித்தப்பா இப்போ கேப்பார், "குறிஞ்சி பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருது, அப்போ 1934-ஆவும் இருக்கலாமே?" நல்ல கேள்வி. குறிஞ்சிக் கணக்குல ஒரு சுத்து தப்பினா பன்னெண்டு வருசம் தப்பும். எல்லாச் சரிவும் ஒரே வருசம் பூக்காது, அங்கங்க வருசம் மாறிப் பூக்குறதும் உண்டு. அதனால ஒத்தைச் சாட்சியை நான் நம்பலை, இன்னொண்ணு தேடினேன். அப்பத்தாவோட அண்ணனுக்கு ஜாதகம் இருக்கு. (ஆம்பளைப் பிள்ளைக்கு எழுதினாங்க. பொண்ணுக்கு எழுதலை. அதையும் குறிச்சுக்கோங்க.) அதுல தாரண வருசம். அறுபது வருசச் சுழற்சில தாரணம்னா 1944-45. அண்ணன் ஓடி விளையாட ஆரம்பிச்ச பொறகுதான் அப்பத்தா பொறந்துச்சு. அண்ணனுக்கு முன்னாடி 1934-ல தங்கச்சி பொறக்க முடியாது. 1958-ஆ இருந்தா பெரியப்பாவை ஏழு வயசுல பெத்திருக்கணும். மிஞ்சினது 1946 ஒண்ணுதான். பஞ்சாங்கப்படி விய வருசம்.

1946-ல பிறப்பு. 1965-ல மூத்த மகன். பத்தொம்பது வயசுல தாய். இதுல என்னங்க அதிசயம்? எந்த மூத்த தாரமும் தேவையில்லை. ஃப்ளெக்ஸ்ல அந்தக் கட்டமும் தேவையில்லை.

"அப்போ எந்தப் பேப்பரையும் நம்பக் கூடாதா?"

நம்பணும். ஆனா எதை எதுக்கு நம்பணும்னு ஒரு வரிசை இருக்கு. சம்பவத்தை நம்பு, வரிசையை நம்பு, எண்ணைக் கடைசியா நம்பு. யார் மூத்தவங்க, யார் இளையவங்கங்கிறதை ஒரு குடும்பம் லேசுல மறக்காது. அண்ணனை அண்ணன்னுதான் கூப்பிடணும், தப்பினா அடி விழும். தாது வருசப் பஞ்சத்துல பொறந்தவர்னு ஒரு பூட்டனைச் சொன்னா, 1876-77-ன்னு தைரியமா எழுதலாம். அதே பூட்டனுக்கு ஏதோ ஒரு பத்திரத்துல "வயது சுமார் 50"ன்னு இருந்தா, அந்தச் "சுமார்"ங்கிற வார்த்தையை மதிங்க. பத்திரம் எழுதினவர் நம்மைவிட நேர்மையானவர்.

வாய்மொழியை ஆதாரமா எடுக்குறது ஒண்ணும் பத்தாம்பசலித்தனம் இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள்ல, 13-வது விதி, ஊர்ப் பெரியவங்க சொல்றதை எழுதி வாங்கி ஆதாரமா வைக்கலாம்னு சொல்லுது. காட்டு நிலத்துக்கே பெரியவங்க வார்த்தை செல்லும். சொந்தப் பிள்ளையைப் பெத்ததுக்குச் செல்லாதா?

இது எங்க வீட்டோட முடியுற விசயமா இருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். மேற்கு வங்கத்துல 2025-26-ல நடந்த வாக்காளர் பட்டியல் திருத்தத்துல, பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் வயசு வித்தியாசம் 15-க்குக் கீழ இருந்தா அதை "முரண்பாடு"ன்னு கணினி தனியாப் பிரிச்சுக் காட்டுச்சு. அந்த மாதிரி ஒரு விதியை எழுதுறது எங்களுக்கு ஒரு வரி வேலை. ஆனா உள்ள போற வயசு "ஒரு நாப்பத்தஞ்சு இருக்கும்"னா, வெளிய வர்ற முரண்பாடு யாரோடது? அந்த ஒரு வரிக்காக எத்தனை அப்பத்தாக்கள் வரிசைல நின்னு தன் பிள்ளை தன் பிள்ளைதான்னு நிரூபிக்கணும்? அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளா அறிவிச்சிருக்காங்க. செல்போன் செயலில பதிவு. எண்ணு சுத்தமா ஏறும். ஆனா அடுப்படில இருந்து வர்ற குரல் மாறாது.

இன்னொண்ணும் கவனிச்சேன். கணக்கு இடிச்சா மொத சந்தேகம் ஏன் எப்பவும் பொம்பளை மேலயே விழுது? பெரியப்பாவோட 36 தப்பா இருக்கலாம்னு யாருக்கும் தோணலை. எழுதினது தப்பா இருக்கலாம்னு தோணலை. அவ பெத்தவளா இருக்க மாட்டாங்கிறதுதான் சுலபமாத் தோணுச்சு. பழைய கணக்கெடுப்பு அறிக்கைகளும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்க வயசைக் குறைச்சுச் சொல்லுறாங்கன்னு திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1-ல அமலுக்கு வந்தது, பொண்ணுக்குக் குறைஞ்சது 14. பத்து மாசம் கழிச்சு 1931 பிப்ரவரில கணக்கெடுப்பு. பன்னெண்டு வயசுல கட்டிக் கொடுத்த வீட்டுல அதிகாரி வந்து கேட்டா என்ன வயசு சொல்லியிருப்பாங்க? பொண்ணுங்க வயசை அடுத்தவங்கதான் சொன்னாங்க, அவங்கவங்க தேவைக்கு. அதே எண்ணை வச்சு இப்ப அவங்களையே குறுக்கு விசாரணை பண்றோம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல 1904-ல இருந்து சூரியனைத் தேதி போட்டுப் போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. நூறு வருசத்துக்கு மேல. 1909-ல எவர்ஷெட் சூரியப் புள்ளியில வாயு ஓடுறதைக் கண்டுபிடிச்சதும் அங்கதான். எங்க அப்பத்தா பொறந்த அன்னிக்குச் சூரியன் எப்படி இருந்துச்சுன்னு அந்த அலமாரில தேடினா அனேகமாக் கிடைக்கும். அதே மலைல, ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம், அப்பத்தா பொறந்ததை எழுதி வைக்க ஆளில்லை. பூ எழுதி வச்சுது. அதையும் கதைன்னு தள்ளிட்டா எப்படி?

சித்தப்பா, கடைசியா உங்களுக்கு. உங்க உழைப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. நீங்க இல்லேன்னா எங்க தலைமுறைக்குப் பூட்டன் பேரே தெரியாது. அந்த மூத்த தாரத்துக் கட்டத்தை மட்டும் எடுத்துருங்க. அப்பத்தா பேருக்குக் கீழ வயசு போடாதீங்க. "பிறப்பு: 1946 வாக்கில், குறிஞ்சி பூத்த ஆண்டு. சொன்னது: அவரே"ன்னு போடுங்க. "வாக்கில்"ங்கிற ஒரு சொல்லும் "சொன்னது"ங்கிற ஒரு சொல்லும் கூடினா ஃப்ளெக்ஸ்காரர் காசு கூடக் கேக்க மாட்டார்.

பி.கு.: அடுத்த பூ 2030. "எட்டாவதையும் பார்த்துட்டுத்தான் போவேன்"னு அப்பத்தா சொல்லிருச்சு. பெரியப்பாதான் தோள் கொடுத்துக் கூட்டிக்கிட்டுப் போகணுமாம். "பெத்ததுக்கு அதுகூடச் செய்ய மாட்டியா?"ன்னு கேட்டுச்சாம். பெரியப்பா அன்னிக்குத்தான் சிரிச்சாராம்.